எல்லையோரத் துணை சுகாதார நிலையத்தில் புதிதாகச் சேரும் நர்சுக்கு: யாரை இங்கேயே பார்ப்பது, யாரை அனுப்புவது

வெளிநாட்டில் நர்ஸ் பிராக்டிஷனர் என்று ஒரு பதவி உண்டு. பொதுவான நோய்களை அவரே பார்த்து, அவரே மருந்தும் எழுதுவார். நம் ஊரில் அதற்குப் பக்கத்தில் வரும் வேலை, எம்.எல்.எச்.பி. என்று எல்லோரும் சொல்கிற இடைநிலை சுகாதாரப் பணியாளர் வேலை. கம்பம், கூடலூர், போடி மாதிரி கேரள எல்லையை ஒட்டிய ஊர்களில் இந்த வேலைக்கு வரும் நர்சுகளுக்காக இதை எழுதுகிறேன். நான் சேர்ந்தபோது என் கையில் கொடுத்தது ஒரு சாவிக்கொத்தும் பாதி நிரம்பிய ரிஜிஸ்டர்களும்தான். வார்டில் வேலை பார்த்த பழக்கம் இங்கே பாதிக்குத்தான் உதவும். வார்டில் நோய்க்குப் பெயர் வைத்துவிட்டுத்தான் நோயாளியை நம்மிடம் தருவார்கள். இங்கே பெயர் கிடையாது. வந்திருப்பவரை இப்போதே அனுப்புவதா, நாளைக்கு டாக்டரைப் பார்க்கச் சொல்வதா, இங்கேயே வைத்துப் பார்ப்பதா என்று முடிவு செய்வதுதான் வேலையில் முக்கால்வாசி. மிச்சம், அந்த முடிவை ஒழுங்காக எழுதிவைப்பது.

1. சேருவதற்கு முன்: காகிதங்கள்

மாவட்ட நலவாழ்வுச் சங்கம் அறிவிப்பு போட்டால் கடைசித் தேதிக்கு இரண்டு வாரம் இருந்தாலே அதிகம். அதற்குள் எல்லாவற்றையும் தேட முடியாது. இப்போதே ஒரு ஃபைலில் போட்டுவையுங்கள்: டி.ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) அல்லது பி.எஸ்சி. நர்சிங் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மிட்வைஃப்கள் கவுன்சில் பதிவு, பதிவைப் புதுப்பித்த ரசீது, சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்று, ஆதார். எல்லாவற்றுக்கும் மூன்று செட் ஜெராக்ஸ். அட்டெஸ்டேஷன் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் நிறைய பேர் மாட்டிக்கொள்வது கவுன்சில் பதிவில்தான். படித்தது கேரளாவிலோ கர்நாடகாவிலோ ஆந்திராவிலோ என்றால் பதிவும் அந்த மாநிலத்தில்தான் இருக்கும். அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, தமிழ்நாடு கவுன்சிலில் மறுபதிவு செய்ய வேண்டும். இரண்டு கவுன்சிலுக்கும் தனித்தனிக் கட்டணம், தபால், சரிபார்ப்பு என்று மாதக்கணக்கில் இழுக்கும். அறிவிப்பு வந்த பிறகு ஆரம்பித்தால் அந்த முறை வாய்ப்பு போனது போனதுதான். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் வேலை தேடுகிறவர்களும் இதையே எதிர்த்திசையில் செய்ய வேண்டும்.

அறிவிப்பில் தகுதி என்ற வரியை இரண்டு முறை படியுங்கள். சமுதாய சுகாதாரத்துக்கான ஆறு மாதச் சான்றிதழ் படிப்பையோ, அந்தப் பாடம் சேர்ந்த புதிய பாடத்திட்டத்தையோ கேட்பார்கள். உங்கள் பேட்சில் அந்தப் பாடம் இருந்தது என்று கல்லூரியிடம் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். சம்பளம் தொகுப்பூதியம். நான் பார்த்த அறிவிப்புகளில் மாதம் 18,000 ரூபாய் என்று போட்டிருந்தார்கள். ஒப்பந்த வேலை. வீட்டு வாடகையும் பஸ் செலவும் அதற்குள்தான் என்பதைக் கணக்குப் பார்த்துவிட்டு ஊரைத் தேர்ந்தெடுங்கள்.

2. முதல் வாரம்: எண்ணிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்

சார்ஜ் எடுக்கும் நாளில் பொருள் பட்டியலை நீட்டுவார்கள். அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாக எண்ணிய பிறகே கையெழுத்து. இல்லாததை "இல்லை" என்றும், ஓடாததை "பழுது" என்றும் எழுதச் சொல்லுங்கள். அன்றைக்குக் கொஞ்சம் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. ஆடிட் வரும்போது காணாமல் போன நெபுலைசருக்குப் பதில் சொல்லப்போவது நீங்கள்தான்.

பிரஷர் மெஷினை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எடுத்துப்போய், அங்கே உள்ள மெஷினோடு ஒரே ஆளின் கையில் ஒப்பிட்டுப் பாருங்கள். பெரிய கையளவுக் கஃப் (கையில் சுற்றும் பட்டை) ஒன்று கேட்டு வாங்குங்கள். குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்த தேதியை மூடியிலேயே பேனாவால் எழுதுங்கள், ஏனென்றால் திறந்த பிறகு அதற்குத் தனி ஆயுள். மருந்து இண்டென்ட் (தேவைப் பட்டியல்) மாதத்துக்கு ஒருமுறை. ஸ்ட்ரிப் பெரும்பாலும் மூன்றாவது வாரத்திலேயே தீரும். நோயாளியை வெளியே பார்த்துக்கொள்ளச் சொன்னால் ஒரு ஸ்ட்ரிப்புக்கு 15, 25 ரூபாய் என்று போகும், அதனால் பார்க்கவே மாட்டார்கள். போன மாதம் செலவானதைவிடக் கொஞ்சம் கூட்டியே எழுதுங்கள். ஏன் கூட்டினீர்கள் என்ற காரணத்தையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

அப்புறம், ஒருநாள் விடியற்காலையில் ஜீப் ஸ்டாண்டுக்குப் போய் நின்று பாருங்கள். உங்கள் நோயாளிகளில் பாதிப் பேர் அங்கேதான் இருப்பார்கள். ஏலக்காய்த் தோட்ட வேலைக்குக் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக மலையேறும் பெண்கள் ஐந்தரை, ஆறு மணிக்கு ஜீப்பில் ஏறினால் திரும்ப இருட்டிவிடும். நம் நிலையம் திறந்திருக்கும் நேரம் முழுக்க அவர்கள் கேரளாவில் இருக்கிறார்கள். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் மாலை ஏழு வரை திறந்துவைத்து, அன்றைக்குத் தாமதமாக வர அனுமதி கேளுங்கள். வாய்மொழியாக வேண்டாம், மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் வாங்குங்கள். இதைச் செய்யாமல் பிரஷர், சுகர் ரிஜிஸ்டரை நிரப்ப நினைத்தால் வீட்டில் இருக்கும் தாத்தாக்களின் பெயர்கள்தான் அதில் நிரம்பும்.

3. எந்த மருந்தை நீங்களே கொடுக்கலாம்

தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019-இன் 32-வது பிரிவு, சமுதாய சுகாதாரப் பணியாளருக்கு வரையறுக்கப்பட்ட உரிமம் தரலாம் என்கிறது. ஆரம்ப நிலை, நோய்த்தடுப்பு சிகிச்சையில் குறிப்பிட்ட மருந்துகளை மட்டும் அவர்களே எழுதலாம், மற்றதெல்லாம் பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில். இதைப் படித்துவிட்டு நாமும் டாக்டர் மாதிரிதான் என்று நினைத்துவிட வேண்டாம். உங்கள் கைக்கு வந்திருக்கும் நிலையாணையும் (எதை நீங்களே செய்யலாம் என்ற எழுத்து உத்தரவு) மருந்துப் பட்டியலும் என்ன சொல்கிறதோ அதுதான் உங்கள் எல்லை. நிலையாணை இல்லையென்றால் கேட்டு, டாக்டர் கையெழுத்தோடு வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள்.

நடைமுறையில் இப்படி: பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ்., துத்தநாக மாத்திரை, இரும்புச்சத்து, களிம்புகள் நீங்களே தரலாம். பிரஷர், சுகர் மாத்திரையை டாக்டர் ஆரம்பித்துவைப்பார், நீங்கள் மாதாமாதம் தந்து கண்காணிப்பீர்கள். டோஸ் மாற்ற வேண்டுமென்றால் இ-சஞ்சீவனி (வீடியோவில் டாக்டரைப் பார்க்கும் அரசுச் சேவை) வழியாக டாக்டரிடம் காட்டி, அந்தச் சீட்டை எடுத்துவைத்துக்கொண்டு மாற்றுங்கள். சிக்னல் விழாத இடமென்றால் போனில் கேட்டு, தேதி, நேரம், டாக்டர் சொன்னது என்று நோட்டில் எழுதி, அடுத்த முறை அவர் வரும்போது கையெழுத்து வாங்குங்கள்.

ஊசி கேட்பார்கள். "உடம்பெல்லாம் வலிக்கு சிஸ்டர், ஒரு ஊசியப் போட்டு விடுங்க, காலைல ஜீப்புக்குப் போகணும்" என்று நிற்பார்கள். காய்ச்சலோடு வருகிறவருக்கு டைக்ளோஃபெனாக் போடுவது டெங்குவாக இருந்தால் ஆபத்து. ஒருமுறை இறங்கிவிட்டால் ஊர் முழுக்க ஊசிக்கு வரும். முதல் மாதத்திலேயே மாட்டேன் என்று சொல்லிப் பழகுங்கள்.

4. யார் வந்தாலும் முதலில் இவை

தலைவலி என்று வந்தாலும், வெறும் மாத்திரை வாங்க வந்தாலும் காய்ச்சல், நாடித்துடிப்பு, பிரஷர், மூச்சு எண்ணிக்கை, விரலில் ஆக்சிஜன் அளவு, இந்த ஐந்தையும் எழுதாமல் அனுப்பாதீர்கள். சோர்ந்துபோய் வந்தால் சுகரும் பாருங்கள்.

பெரியவர்களில் உடனே 108-ஐக் கூப்பிட வேண்டியவர்கள்: ஆக்சிஜன் 94-க்குக் கீழே, மேல் பிரஷர் 90-க்குக் கீழே, மூச்சு நிமிடத்துக்கு 25-ஐத் தாண்டுவது, உளறல் அல்லது மயக்கம், வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் இழுப்பது, நிற்காத ரத்தப்போக்கு, கர்ப்பிணிக்குத் தலைவலியோடு பிரஷர். பிரஷர் 180/110 அல்லது அதற்கு மேல் இருந்து, கூடவே நெஞ்சுவலி, பார்வை மங்கல், கடும் தலைவலி இருந்தாலும் உடனே. அறிகுறி எதுவும் இல்லாமல் எண் மட்டும் அப்படி இருந்தால் அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும், நாளைக்கு என்று விடாதீர்கள்.

நெஞ்சுவலிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இதயம் காப்போம் திட்டத்தில் 2023 முதல் துணை சுகாதார நிலையங்களிலும் அவசர மாத்திரைகள் உண்டு. ஆஸ்பிரின் 150 மி.கி. இரண்டு, குளோபிடோக்ரல் 75 மி.கி. நான்கு, அடோர்வாஸ்டாடின் 10 மி.கி. எட்டு, மொத்தம் 14 மாத்திரை. ஒரு கவரில் போட்டு மேசை டிராயரிலேயே வையுங்கள், அலமாரி சாவியைத் தேடும் நேரம் அது இல்லை. கொடுப்பதற்கு முன் டாக்டருக்குப் போன், ரத்த வாந்தி, கறுப்பு மலம், ஆஸ்பிரின் ஒவ்வாமை உண்டா என்ற கேள்வி. வாய் கோணி, கை கால் இழுத்து வருகிறவருக்கு இந்தக் கவரைப் பிரிக்கவே கூடாது. அது மூளையில் ரத்தக்கசிவாகவும் இருக்கலாம், ஸ்கேன் பார்க்காமல் தெரியாது.

வாயுத்தொல்லை என்று சொல்லிக்கொண்டு வரும் நாற்பது வயதுக்கு மேற்பட்ட சர்க்கரைக்காரரை இதயக் கோளாறாகவே நினைத்துப் பாருங்கள். சோடா குடித்துவிட்டு வந்திருப்பார், வேர்த்துக்கொண்டு இருப்பார்.

5. பிரஷரும் சுகரும்

உங்கள் வேலையில் பாதி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிரஷர் எடுக்கும்போது நோயாளி ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், கால் தரையில், கை இதய மட்டத்தில். காபி, புகையிலை, ஓட்டம் எல்லாம் முடிந்து அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். தோட்டத்திலிருந்து இறங்கி நேரே வரும் அக்காக்கள் சேலைக்கு மேலே ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டிருப்பார்கள். அந்தச் சட்டைக் கையை இறுக்கிச் சுருட்டி மேலே ஏற்றிவிட்டுக் கஃப் கட்டினால் எண் தப்பாக வரும். சட்டையைக் கழற்றச் சொல்லுங்கள், வாயில் உள்ள வெற்றிலையைத் துப்பச் சொல்லுங்கள். இரண்டு முறை எடுத்து இரண்டையும் எழுதுங்கள். 138/86 என்றால் 138/86 என்றே எழுத வேண்டும். 140/90, 130/80 என்று ரவுண்டாகவே ஓடும் ரிஜிஸ்டரைப் பார்த்தால் யாரும் மெஷினைத் தொடவில்லை என்று மேலதிகாரிக்குத் தெரிந்துவிடும். இரண்டு வெவ்வேறு நாட்களில் 140/90-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ டாக்டரிடம் அனுப்பி மாத்திரை ஆரம்பிக்க வேண்டும்.

சுகருக்கு, வெறும் வயிற்றில் 126, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 200, இவற்றைத் தொட்டால் சர்க்கரை நோய் என்று டாக்டர் உறுதிசெய்வார். எந்த நேரத்தில் குத்திப் பார்த்தாலும் 140-க்கு மேல் போனால் மறுபடி ஒழுங்காகப் பார்க்க வேண்டும். தோட்டத்துக்குப் போகிறவருக்கு வெறும் வயிற்று ரத்தம் எடுக்க வேலைநாளில் வழியே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் திறந்தால் ஒரே நாளில் தெருவையே முடிக்கலாம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரச் சொன்னால் வர மாட்டார்கள். மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. பரிசோதனை வெளி லேபில் சுமார் 400, 600 ரூபாய் ஆகும். அரசு மருத்துவமனைக்குப் போகிற நாளில் அதையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள்.

புத்தகத்தில் இல்லாத ஒரு பொறி இருக்கிறது. சுகர் மாத்திரையைக் காலையில் சாப்பிடுங்கள் என்று சீட்டில் இருக்கும். அந்த அக்காவுக்குக் காலை என்றால் நாலரை மணி. மாத்திரையைப் போட்டு ஒரு கடுங்காப்பியைக் குடித்துவிட்டு ஜீப் ஏறிவிடுவார். தூக்குவாளியில் கட்டிய சோற்றைத் தோட்டத்தில் பத்து மணிக்குத்தான் திறப்பார். கிளிமிபிரைட், கிளிபென்கிளமைடு வகை மாத்திரை என்றால் ஒன்பது மணிக்கே சர்க்கரை இறங்கிவிடும். சரிவில் ஏலச்செடி நடுவில் மயங்கி விழுவார், பக்கத்தில் உள்ளவர்கள் பிரஷர் என்று நினைப்பார்கள். அதனால் என்ன மாத்திரை என்பதோடு எத்தனை மணிக்கு முதல் கவளம் என்றும் கேளுங்கள். சாப்பாட்டோடு சேர்த்துப் போடும்படி டாக்டரிடம் பேசி நேரத்தை மாற்றுங்கள். மாத்திரையைத் தூக்குவாளிப் பையிலேயே வைக்கச் சொல்லுங்கள். சுருக்குப்பையில் நாலு மிட்டாயோ சர்க்கரைப் பொட்டலமோ எப்போதும் இருக்கட்டும். 70-க்குக் கீழே இறங்கினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறியதும் சாப்பாடு. மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. கூட வேலை செய்கிற ஒருவரையும் கங்காணியையும் கூப்பிட்டு இதைச் சொல்லிவையுங்கள்.

கால். மழைக்காலத்தில் தோட்டத்தில் அட்டை கடிக்கும், பூட்ஸுக்குள் தண்ணீர் நிற்கும். சர்க்கரை உள்ளவருக்கு மரத்துப்போன காலில் அட்டைக்கடி புண்ணாவது தெரியாது. ஒவ்வொரு முறை மாத்திரை தரும்போதும் செருப்பைக் கழற்றச் சொல்லி விரல் இடுக்கு வரை பாருங்கள். கறுத்த புண், சீழ், சூடு இருந்தால் இங்கே கட்டுப்போட்டுக்கொண்டிருக்காமல் அனுப்பிவிடுங்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர் வீட்டுக்குக் கொண்டுபோய் மாத்திரை தருவார். அவருடைய பட்டியலையும் உங்கள் பட்டியலையும் மாதம் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் வாங்குகிறவர்களும் உண்டு, இரண்டு பக்கமும் விட்டுப்போனவர்களும் உண்டு. சிலர் கேரளாவில் உள்ள ஆஸ்பத்திரியில் ஒரு மாத்திரையும் இங்கே ஒரு மாத்திரையும் வாங்குவார்கள். பெயர் வேறு, உள்ளே மருந்து ஒன்று. வீட்டில் உள்ள எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொல்லுங்கள். அட்டையைத் திருப்பி மூலப்பெயரைப் படித்துப் பார்த்தால் ஒரே அம்லோடிபின் (பிரஷர் மருந்து) இரண்டு அட்டையில் இருப்பது தெரியும்.

6. காய்ச்சல்

முதல் கேள்வி எத்தனாவது நாள். இரண்டாவது கேள்வி எங்கே வேலை. ரிஜிஸ்டரில் ஊர்ப் பெயர் மட்டும் எழுதினால் போதாது, தோட்டம் எந்தப் பக்கம் என்றும் எழுதுங்கள். ஒரே தோட்டத்திலிருந்து மூன்று பேர் வந்தால் அன்றைக்கே சுகாதார ஆய்வாளருக்குச் சொல்லுங்கள். தொற்று மலைக்கு அந்தப் பக்கமும் காய்ச்சல் இந்தப் பக்கமுமாக இருக்கும்போது இரண்டு மாநிலத்து ரிப்போர்ட்டிலும் வராமல் போய்விடும்.

டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாள்தான் பயப்பட வேண்டிய நாள், மூன்றிலிருந்து ஏழாம் நாள் வரை. வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்வு, சிறுநீர் குறைவு, இதில் ஒன்று இருந்தாலும் அனுப்புங்கள். "காய்ச்சல் விட்ருச்சு சிஸ்டர்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவரைத்தான் நன்றாகப் பார்க்க வேண்டும். பாராசிட்டமால் மட்டும். புரூஃபென், ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் வேண்டாம்.

கெண்டைக்கால் வலி, சிவந்த கண், சேற்றில் வேலை என்றால் எலிக்காய்ச்சல். மஞ்சள் கண்ணோ சிறுநீர் குறைவோ சேர்ந்தால் தாமதிக்கக் கூடாது, சிறுநீரகம் போய்விடும். புதர்க்காடு, ஐந்து நாளைத் தாண்டிய காய்ச்சல் என்றால் உடம்பில் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கைத் தேடுங்கள். அக்குள், மார்புக்குக் கீழே, பாவாடை நாடா கட்டும் இடம். அது இருந்தால் ஸ்க்ரப் டைஃபஸ் என்ற பூச்சிக்கடிக் காய்ச்சல். டாக்ஸிசைக்ளின் டாக்டர் எழுதித்தான் தர வேண்டும், ஆனால் பொருக்கைக் கண்டுபிடித்துச் சீட்டில் எழுத வேண்டியது நீங்கள். பெண் நர்ஸ் ஒருவர் தனி அறையில் பார்த்தால்தான் அது கண்ணில் படும். கூட்டமான ஓ.பி.யில் யாரும் பார்ப்பதில்லை.

7. குழந்தைகள்

சளி இருமலுக்கு முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள், அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்க வேண்டாம். இரண்டு மாதத்துக்குக் கீழே 60, இரண்டிலிருந்து பன்னிரண்டு மாதம் வரை 50, ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40, இவற்றைத் தொட்டாலோ தாண்டினாலோ நிமோனியா என்று எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு உள்வாங்கினால், பால் குடிக்காவிட்டால், வலிப்பு வந்தால் உடனே அனுப்ப வேண்டும். இரண்டு மாதத்துக்குக் கீழே காய்ச்சல் என்றாலே உடனே.

வயிற்றுப்போக்குக்கு ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டர் தண்ணீரில், 24 மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகப் பவுடரைப் போட்டுக் கலக்குவார்கள், அது தப்பு. உங்கள் முன்னாலேயே ஒரு லிட்டர் பாட்டிலில் கலக்கிக் காட்டுங்கள். துத்தநாக மாத்திரை 14 நாள்: ஆறு மாதத்துக்குக் கீழே 10 மி.கி., அதற்கு மேல் 20 மி.கி. பேதி நின்றதும் மாத்திரையை நிறுத்துவார்கள், 14 நாளையும் காலண்டரில் வட்டம் போட்டுக் கொடுங்கள்.

8. சோகை

கர்ப்பிணிக்கு 11, மற்றப் பெண்களுக்கு 12, அதற்குக் கீழே ஹீமோகுளோபின் இருந்தால் சோகை. கர்ப்பிணிக்கு 7-க்குக் கீழே, மற்றவருக்கு 8-க்குக் கீழே என்றால் மருத்துவமனை. நடுவில் உள்ளவர்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை தந்து ஒரு மாதத்தில் திரும்பப் பாருங்கள். ஒரு புள்ளிகூட ஏறவில்லையென்றால் அனுப்புங்கள். ஆனால் அதற்கு முன் மாத்திரையை எதோடு சாப்பிட்டார் என்று கேளுங்கள், டீயோடும் கால்சியம் மாத்திரையோடும் சாப்பிட்டால் ஏறாது. மாதவிடாய் எத்தனை நாள், எத்தனை துணி என்பதையும் கேட்டே ஆக வேண்டும். தானாகச் சொல்ல மாட்டார்கள்.

9. இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமல்

சளிப் பரிசோதனை. இருமல் சிரப் கொடுத்து இன்னொரு வாரம் பார்ப்போம் என்ற பேச்சே வேண்டாம். காசநோய் உறுதியானால் நிக்‌ஷய் எண் ஒன்று போடுவார்கள். அந்த எண் எல்லா மாநிலத்திலும் செல்லும். தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பில்) தங்கி வேலை செய்கிறவர் ஆறு மாதமும் இங்கே வந்து மருந்து வாங்க முடியாது. மாற்றலை நாமே கேட்டு அந்தப் பக்கத்து நிலையத்துக்குப் போட வேண்டும், போட்ட பிறகு போய்ச் சேர்ந்தாரா என்று போன் செய்ய வேண்டும். நடுவில் மருந்து விட்டுப்போவது பெரும்பாலும் மாற்றல் நடக்கும் அந்த ஒரு வாரத்தில்தான். ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். பாஸ்புக் முதல் பக்கம், ஆதார் ஜெராக்ஸ் இரண்டையும் முதல் நாளே வாங்குங்கள். நடப்பில் இல்லாத கணக்காக இருந்தால் பணம் திரும்பிவிடும்.

10. கடியும் விஷமும்

நாய்க்கடிக்கு ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். வீட்டிலேயே கழுவிட்டேன் என்றாலும் மறுபடி கழுவுங்கள். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு பூசியிருந்தால் அதையும் கழுவி எடுங்கள். தையல் வேண்டாம். ரேபிஸ் தடுப்பூசியைத் தோலில் போடும் முறை என்றால் 0, 3, 7, 28-ஆம் நாட்கள். ரத்தம் வந்த கடி என்றால் காயத்திலேயே போடும் சீரம் வேண்டும், அதற்குப் பெரிய மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். முதல் ஊசி கேரளாவில், இரண்டாவது இங்கே என்று வருவார்கள். அட்டையில் எந்த முறை என்று பார்த்து அதையே தொடருங்கள்.

பாம்புக்கடிக்குக் கட்டு, கீறல், உறிஞ்சல் எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, நேரத்தைக் குறித்து அனுப்புங்கள். மலைக்காட்டில் கடிக்கும் சில குழிவிரியன் வகைகளுக்கு நம் விஷமுறிவு மருந்து வேலை செய்யாது, அந்த விஷம் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். தோட்டத்தில் கடிபட்டது என்றால் டயாலிசிஸ் உள்ள மருத்துவமனைக்கே அனுப்பப் பாருங்கள்.

ஏலத்துக்கு மருந்தடித்தவர் வாந்தி, எச்சில் ஒழுகல், குண்டூசி முனையளவு சுருங்கிய கண்மணி, தசைத் துடிப்போடு வந்தால் பூச்சிமருந்து விஷம். கையுறை போட்டுக்கொண்டு, துணியைக் கழற்றிவிட்டு, தலைமுடி உட்பட சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. மருந்து டின்னையோ அதன் லேபிள் போட்டோவையோ கூடவே அனுப்பச் சொல்லுங்கள்.

11. அனுப்பும் சீட்டு

நோயாளியைவிடச் சீட்டுதான் சில நேரம் முதலில் பேசும். வந்த நேரம், ஐந்து அளவுகள், என்ன கொடுத்தோம், எத்தனை மணிக்கு, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளின் மூலப்பெயர், உங்கள் நிலையத்தின் போன் எண். குமுளிப் பக்கம் போகிறவர் என்றால் மருந்துப் பெயரை ஆங்கிலத்தில் எழுதுங்கள், அங்கே உள்ள டாக்டர் தமிழ்ச் சீட்டைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார். கார்பன் வைத்து ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும்.

எங்கே அனுப்புவது என்பதில் காசும் இருக்கிறது. 108 இலவசம். முதலமைச்சர் காப்பீட்டுக்கு ரேஷன் கார்டு, ஆதார், கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று வேண்டும், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள். படுத்த பிறகு இதற்கு அலைய முடியாது. சர்க்கரை, பிரஷர் உள்ள வீடுகளில் காப்பீட்டுக் கார்டு இருக்கிறதா என்று முன்பே கேட்டு, இல்லாதவர்களை முகாமுக்கு அனுப்பிவிடுங்கள். சாலை விபத்து என்றால் வேறு கணக்கு: இன்னுயிர் காப்போம் திட்டத்தில் தமிழ்நாட்டுக்குள் நடந்த விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும். கொண்டை ஊசி வளைவில் ஜீப் கவிழ்ந்து வரும்போது மலையாளிக் குடும்பம் பணம் கட்ட வேண்டுமோ என்று தயங்கி நிற்கும். அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

அனுப்பிய மறுநாள் ஒரு போன். போனாரா, என்ன சொன்னார்கள், மருந்து மாறியதா. நகல் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிவையுங்கள்.

12. ஒப்பந்தப் புதுப்பிப்பு

ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே ஆரம்பியுங்கள். மாதாந்திர அறிக்கைகளின் நகல், வருகைப் பதிவு, பயிற்சிச் சான்றுகள், மாலை நேரத்துக்கு வாங்கிய அனுமதிக் கடிதம், எல்லாம் ஒரே ஃபைலில். கவுன்சில் பதிவு காலாவதியாகும் தேதியை இப்போதே பாருங்கள், புதுப்பிப்பு நேரத்தில் அது முடிந்திருந்தால் சம்பளம் நிற்கும். விண்ணப்பம் கொடுத்தால் உள்வரவு எண் போட்ட ரசீது இல்லாமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.